நான்காவது ரிப்பன்

இது யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், எங்கள் தெருவில் ஒருவருக்கும் காட்டிவிடாதீர்கள். என் அம்மா கண்ணில் பட்டால் என் படிப்பு அதோடு நின்றுவிடும். ஒன்பதாம் வகுப்பில் ஃபிலோமினாவைத் தெரிந்தவர்களுக்காக மட்டும் எழுதுகிறேன்.

செய்தி எனக்கு முதலில் வரவில்லை. கணக்குப் பாடம் நடக்கும்போது சிஸ்டர் வாசலில் வந்து நின்று ஜாக்குலினை மட்டும் வெளியே கூப்பிட்டார். அவள் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்துத்தான், மஞ்சள் காமாலையோடு பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்த ஃபிலோ இனி வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு சிஸ்டர் உள்ளே வந்து வகுப்புக்கே சொன்னார். அந்த வகுப்பில் ஒருத்தியாக நானும் கேட்டுக்கொண்டேன். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது பொறாமை. ஏன் என்னைக் கூப்பிடவில்லை?

ஃபிலோவுக்கு ஊரில் பாதிப் பேர் ஃபிரெண்டு. அது உங்களுக்கும் தெரியும். பள்ளிக்கூட வாசலில் மாங்காய் விற்கிறவர் ஃபிரெண்டு. அரியாங்குப்பம் பஸ் கண்டக்டர் ஃபிரெண்டு. அவளைக் கடித்த நாயைக்கூட, "பாவம்டி, என் ஃபிரெண்டு, தெரியாம கடிச்சிட்டான்" என்றாள். அவள் அப்பா ரொட்டிக் கடைக்காரரிலிருந்து தபால்காரர் வரை எல்லோரையும் பிரெஞ்சில் 'மொனாமி', அதாவது 'என் ஃபிரெண்டே' என்றுதான் கூப்பிடுவார். "எங்கப்பாவுக்கு ஊர் பூரா மொனாமி, எனக்கு ஊர் பூரா ஃபிரெண்டு" என்று சிரிப்பாள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லையே வாயில் எடுக்கக் கூடாது. என் அக்கா "ஃபிரெண்டு வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான், ஒருவனோடு மெட்ராஸ் பஸ் ஏறிவிட்டாள். அன்றிலிருந்து ஆணோ பெண்ணோ, ஃபிரெண்டு என்றாலே அம்மாவுக்கு ஒரே அர்த்தம்தான். அப்பா மில்லிலிருந்து வந்ததும் என் செருப்பைத்தான் முதலில் பார்ப்பார், நான் எங்காவது போய்வந்தேனா என்று.

எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஃபிலோ பாடம் எழுதிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"யாருடி நீ? இவளுக்கு ஃபிரெண்டா?"

உள்ளே போர்வைக்குள் எனக்கு உயிரே போய்விட்டது. ஃபிலோ அம்மாவின் தோளுக்கு மேலாக என் முகத்தை ஒரு தடவைதான் பார்த்தாள்.

"அய்யே, இன்னா அத்த நீங்க! இவளுக்கு ஏது ஃபிரெண்டு? வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும் இவளுக்கு. நான் சும்மா கிளாஸ்மேட்டு. சிஸ்டர் குடுக்கச் சொன்னாங்க, வந்தேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். எங்கள் வீட்டில் மோர் குடித்த ஒரே பெண் அவள்தான்.

ஒரு நாள் கடற்கரையில் ஜாக்குலின் தோளில் அவள் கை போட்டு நடந்ததைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இத்தனை ஃபிரெண்டுல நான் எங்கடி இருக்கேன்?" என்று கேட்டுவிட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "நீ அதுல இல்லடி. நீ ஒருத்திதான் எனக்கு கிளாஸ்மேட்டு" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அதையே இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

கல்யாணமாகாத பெண் இறந்தால் பெட்டியின் நான்கு மூலையிலும் வெள்ளை ரிப்பன் கட்டி, அவளுடைய ஃபிரெண்டுகள் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு மாதா கோவில் வரை நடப்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். அடக்கத்தன்று ஃபிலோவின் அப்பா வாசலில் நின்று, "அவ ஃபிரெண்டுங்கள்லாம் வாங்கம்மா" என்று கூப்பிட்டார். நான் எதிர் வரிசையில், ஒரு பூவரச மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். மில்லுக்குப் போகிறவர்கள் அந்த வழியாகச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். யாராவது அப்பாவிடம் சொல்லிவிட்டால்? கால் நகரவில்லை. மேரியும் விஜயாவும் ஆளுக்கொரு ரிப்பனைப் பிடித்தார்கள். பின்பக்கத்து இரண்டையும் ஜாக்குலின் தன் இரண்டு கையில் வாங்கிக்கொண்டு, பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். இரண்டு! ஒன்று போதாதா அவளுக்கு என்று பல்லைக் கடித்தேன்.

இன்று சாப்பாட்டு மணி அடித்ததும் அவளே என்னிடம் வந்தாள்.

"மரத்தாண்ட நின்னியே, பார்த்தேன். வருவ வருவன்னு பார்த்தேன். நீ வரல. உன்னுத கீழ தொங்க விட முடியுமா? அதான் நானே புடிச்சேன்."

அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போது அவளுடைய நல்ல மனசின் மீதும் எனக்குப் பொறாமை. திங்கட்கிழமை மாலை கோவிலில் ஃபிலோவுக்கு ஜெபம். யாராவது ஒரு ஃபிரெண்டு அவளைப் பற்றிப் பேச வேண்டும் என்று சிஸ்டர் கேட்டபோது, ஜாக்குலின் எழுந்து, "நான் இல்ல சிஸ்டர், கலா பேசுவா" என்று என்னைக் காட்டிவிட்டாள். அதற்கு வீட்டில் கேட்டுவிட்டுத்தான் போக முடியும்.

கேட்க வாய்ப்பும் வந்தது. ராத்திரி சாப்பிடும்போது அம்மாதான் ஆரம்பித்தாள். "உங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு செத்துப்போச்சாமே. மோர் குடிச்சிட்டுப் போச்சே, அதுவா? உனக்கு ரொம்பப் பழக்கமா?"

"இல்லம்மா. சும்மா கிளாஸ்மேட்டு."

ஃபிலோ சொன்னபோது அது என்னைக் காப்பாற்றியது. அதே சொல் என் வாயிலிருந்து வந்தபோது, அந்த ரிப்பனை நானே கீழே போட்டதுபோல் இருந்தது.

அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். ஜாக்குலினுக்கும் இல்லை, கண்டக்டருக்கும் இல்லை, எனக்கு மட்டும். அதை யாருக்கும் தரமாட்டேன். ஆனால் அவள் ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த இன்னொரு சொல்லை நான் அவளுக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா.

"வெளக்கு இன்னாத்துக்குடி எரியுது? யாருக்குடி எழுதற?"

தாளை மறைக்கப் போவதில்லை. திறந்ததும் சொல்லிவிடுகிறேன், அம்மா, இது என் ஃபிரெ