சுவிஸுக்குக் கேட்கும்படி

பரந்தன் சந்திக்கு அருகே ஒரு கடையில் அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை இன்னும் இருக்கிறது. சாயம் வெளிறி, ஒரு கைபிடியும் போய்விட்டது. போர் நின்றிருந்த சமாதான காலத்தில் அந்தக் கடை ஒரு தொலைபேசி நிலையம். வெளிநாட்டுக்குப் பேச வந்தவர்கள் நீள மர வாங்கிலில் காத்திருக்க, முறை வந்தவர் கதிரையில் உட்கார்ந்து கத்துவார். தூரம் கூடினால் குரலும் கூட வேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய விஞ்ஞானம். சென்னைக்குச் சாதாரணக் கத்தல் போதும். சுவிஸ் என்றால் கழுத்து நரம்பு புடைக்கும். ஆகவே யார் வீட்டிலும் இரகசியம் என்று ஒன்று மிஞ்சவில்லை.

கடைக்கார அக்கா மட்டும் ஒன்றும் காதில் விழாதவர் போல மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பார். பேசி முடித்ததும் நிமிர்ந்து, "என்னவாம் தம்பி?" என்பார். எல்லாம் கேட்டுவிட்டும் அப்படி விசாரிப்பதுதான் அவருடைய மரியாதை. ஒருநாள் சுவிஸில் இருந்த அண்ணனுக்கு, "பொம்பிளை என்னைப் பாத்திட்டு வேண்டாமெண்டிட்டா!" என்று கத்தினேன். திரும்பினால் வாங்கில் முழுவதும் செத்தவீட்டு முகங்கள். அக்கா நிமிர்ந்தார்.

"என்னவாம் தம்பி?"

சொன்னேன்.

"விடுங்கோ. அந்தப் பிள்ளைக்குக் கண் நல்லாத் தெரியுதுபோல."

வாங்கில் குலுங்கியது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அன்று வாங்கிலில் இருந்து அதைக் கேட்டு, வீடுவரை என்னோடு சைக்கிளில் வந்த ஒருவர், தன் மச்சாளைப் பற்றி ஒரு கதை போட்டார். அந்த மச்சாள்தான் பிறகு என் மனைவி.

அவள் காலமானபின், கிளிநொச்சி நகரில் மதில்கள் உயர்ந்த ஓர் ஒழுங்கையில் தனியே இருக்கிறேன். தனியே என்பதும் பிழை. ஒழுங்கைக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அண்மையில் கண்ணில் புரை எடுத்ததை அதில் எழுதினேன். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. பக்கத்து வீட்டுக்காரர் ரோசாப் பூங்கொத்தே அனுப்பினார், மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. கேற்றைத்தான் ஒருவரும் தட்டவில்லை. குறை சொல்லவும் முடியாது. நானும் உள்ளே பூட்டிக்கொண்டு எல்லோருக்கும் பெருவிரல் காட்டிக்கொண்டிருந்தேன்.

கடைக்கார அக்கா இப்போது லண்டனில், மகனோடு. கடையில் கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். நேற்று சார்ஜர் வாங்கப் போனேன். மெல்பேணில் படிக்கும் மகள் அழைத்தாள். கால் தானாகக் கதிரைப் பக்கம் போயிற்று.

"கண் இப்ப நல்லாத் தெரியுது பிள்ளை!" என்று கத்தினேன்.

கடையில் நின்றவர்கள் அவரவர் திரையில் குனிந்திருந்தார்கள். மேசைப் பக்கம் பார்த்தேன். யாரும் நிமிரவில்லை.

"ஏனப்பா கத்துறியள்? எனக்கு வடிவாக் கேக்குது."

"உனக்கில்லைப் பிள்ளை" என்றேன்.