மந்திரவாதியின் கொப்புளம்

பேய்ப்படம் என்றாலே மந்திரவாதியாக வருவாரே, அந்தக் கிழவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன், பிள்ளைகளே. ஒரு பௌர்ணமி சாயங்காலம், கிரிவலம் போகிற வழியில், அடி அண்ணாமலை டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதே குழிவிழுந்த கண்கள், அதே வளைந்த மூக்கு. யாராவது அடையாளம் கண்டு நின்றால், பழக்கதோஷத்தில் கண்ணை உருட்டிக் காட்டுவார். உடனே களைத்துப்போய் டீயைக் குடிப்பார்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா, மகளை இழுத்துக்கொண்டு அவரிடம் வந்தாள்.

“சாமி, பாப்பா தூக்கத்துல அலறுதுங்க. சோறும் கம்மியாயிடுச்சு. திருநீறு போட்டு ஓட்டிவுடுங்க.”

“நான் நடிகன்மா. எனக்கு மந்திரம்லாம் தெரியாது.”

“படத்துல எத்தன பேய ஓட்டினீங்க! எம் பொண்ணுக்குன்னா மட்டும் தெரியாதா?”

அவர் பெருமூச்சு விட்டு, “எதப் பாத்து பயந்த, பாப்பா?” என்றார்.

அது தாயின் சேலைக்குள் புகுந்துகொண்டு, “டிவியில உன்னப் பாத்துதான்” என்றது.

அவர் முகம் வாடிவிட்டது. பிறகு வெறுங்காலை நீட்டினார். நடந்து நடந்து குதிகால் முழுக்கக் கொப்புளம்.

“பேய்க்குக் கால் கிடையாதுன்னு சொல்வாங்கல்ல? தொட்டுப் பாரு.”

பாப்பா ஒரு விரலால் அழுத்தியது. “ஐயோ!” என்று துள்ளினார். அது நடிப்பில்லை. பாப்பா கலகலவென்று சிரித்து, மறுபடியும் அழுத்தப் போனது.

“பாத்தீங்களா, ஓட்டிட்டாரு!” என்று அந்த அம்மா அவர் காலில் விழுந்தாள்.

அவர் என்னைப் பார்த்தார். “அத்தனையும் நடிப்புன்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க சார்” என்று சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே நடந்தார். அதைச் சொன்ன குரலில் இருந்தது வருத்தமா, பெருமையா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.