போயாவுக்கு முதல்நாள் எடுத்த துண்டுகள்

மிதுனாவுக்கு இரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும். கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அது வீட்டில் தெரிந்துவிட்டதால், அவளை டொக்டராக்கும் ஆசையைத் தகப்பன் அப்போதே கைவிட்டார். அவள் கணிதம் படித்தாள். அப்படிப்பட்டவள் மூளைக்கட்டி ஆராய்ச்சியில் இருக்கிறாள் என்றால் உறவினர் இன்றும் சிரிப்பார்கள்.

ஆனால் அவளுடைய மேசைக்கு வருவது எண்கள் மட்டுமே. சத்திரசிகிச்சையில் வெட்டியெடுத்த கட்டித் துண்டில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று ஆய்வுகூடத்தில் ஷிம்னா அளந்து கொடுப்பாள். சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கும் மரபணுக்களுக்கு இடையே மிதுனா கோடு போடுவாள். கோடுகள் பெருகி வலையாகும். அந்த வலையில் அதிகக் கோடுகள் குவியும் இடத்தில், மற்றவற்றை ஆட்டிவைக்கும் மரபணு இருக்கலாம். அதை அடக்கினால் கட்டியும் அடங்கலாம்.

வெள்ளவத்தையில் அவள் குடியிருந்த தொடர்மாடியில் இராசரத்தினம் என்ற ஓய்வுபெற்ற வங்கி அலுவலரும் இருந்தார். அவருடைய மனைவி மூளைக்கட்டியால் இறந்தவர். தன் கட்டியில் ஒரு துண்டை இந்த ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டுப் போனவர். துண்டுகளில் பெயர் இராது, இலக்கம்தான். எது யாருடையது என்று மிதுனாவுக்குத் தெரியாது.

லிஃப்டில் காணும்போதெல்லாம் அவர் கேட்பார்: “என்ன பிள்ளை, ஆள் பிடிபட்டுதோ?”

ஒருநாள் அவளுக்கு வாய் நிற்கவில்லை. “பிடிபட்டிட்டுது அங்கிள். ஒரு ஜீனிலதான் எல்லாக் கோடும் போய் முட்டுது.”

“அப்ப அவர்தான் தலைவர்?”

“ஓம் அங்கிள்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவ இருந்திருந்தா ஊரெல்லாம் ரெலிபோன் எடுத்திருப்பா.”

கட்டுரை அனுப்பத் தயாராக இருந்தது. ஒரு கேள்வி மட்டும் மிதுனாவை அரித்தது. அந்த மரபணு சில துண்டுகளில் உச்சத்தில் நிற்க, மற்றவற்றில் ஏன் உறங்குகிறது? நோயாளியின் வயதைப் பார்த்தாள், கட்டியின் கடுமையைப் பார்த்தாள், எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் ஆய்வுகூடத்துக்குத் துண்டு வந்த திகதிப்படி அடுக்கினாள். உச்சங்கள் குறிப்பிட்ட சில திகதிகளில் மட்டும் குவிந்தன. தாளை ஷிம்னாவிடம் கொண்டுபோனாள்.

மாளிகாவத்தைக்காரியான ஷிம்னாவின் வாய்க்குப் பூட்டில்லை. சுவரில் தொங்கிய கலண்டரோடு தாளை ஒத்துப்பார்த்துவிட்டுச் சிரித்தாள். “அடியே, ஒன்ட ஜீன் சந்திரனப் பாத்தெல்லோ எழும்புது! இதெல்லாம் போயாவுக்கு மறுநாள் வந்தது.”

அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது. போயா, பௌர்ணமிதோறும் வரும் அரச விடுமுறை. அதற்கு முன் சத்திரசிகிச்சைகளை முடித்துவிடுவது வைத்தியசாலையில் வழக்கம். போயாவன்று ஆய்வுகூடம் பூட்டு. முதல்நாள் எடுத்த துண்டுகள் போயா கழியும்வரை வார்டுக் குளிர்பெட்டியில் காத்திருந்தன. இரத்த ஓட்டம் அற்ற உயிர்க்கலங்கள் சாகுமுன் அபயக்குரல் எழுப்பும். நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒன்றாக ஏறும். மிதுனாவின் தலைவர் அந்தக் கூச்சலில் ஒருவர். கட்டியை வளர்ப்பவர் அல்லர்.

“எல்லாரோடயும் நிக்கிறானெண்டு கலியாண ஊட்டு வீடியோக்காரன மாப்புள எண்டு சொல்லி ஈக்கிறாய்,” என்றாள் ஷிம்னா.

மிதுனாவால் சிரிக்க முடியவில்லை. மூன்று வருட வேலை. “நான் சொல்லாட்டி ஆருக்குத் தெரியப்போகுது?”

“ஒருத்தருக்கும் தெரியாது. ஒன்ட பேச்ச நம்பி மருந்து செய்றவனுக்குத்தான் தெரியும்.”

அந்த வார்த்தைக்காக மிதுனா பிறகு பலமுறை ஷிம்னாவுக்கு நன்றி சொன்னாள். ஆராய்ச்சியை நடத்திய பேராசிரியரிடம் அன்றே சொன்னாள். அவர் முகம் கறுத்தாலும் கட்டுரையை நிறுத்தினார். குளிர்பெட்டியில் காத்திருந்த துண்டுகளை அவள் வேறாக எடுத்து, அபயக்குரல் எப்படி இருக்கும் என்பதை அவற்றிலிருந்து கற்று, மற்றத் துண்டுகளில் கேட்ட அதே குரலையும் கழித்தாள். வலை மெலிந்தது. முன்பு ஓரத்தில் கிடந்த ஒரு மரபணு நடுவில் நின்றது. தட்டில் வளர்த்த கட்டிக் கலங்களில் ஷிம்னா அதை அடக்கிப் பார்த்தாள், வளர்ச்சி தளர்ந்தது. மருந்துக்கு இன்னும் வெகுதூரம். என்றாலும் இது மெய்.

இராசரத்தினத்திடம் சொல்வதுதான் மிச்சம். லிஃப்டில் ஏறியதும், அவர் கேட்குமுன் சொல்லிவிட்டாள். “அங்கிள், நான் அண்டைக்குச் சொன்னது பிழை.” போயாக் கதை முழுவதையும் சொன்னாள்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். “பொசன் போயாவுக்கு முதல்நாள்தானே அவவுக்கு ஒப்பரேஷன் செய்தது. அப்ப அவவின்ர துண்டை எறிஞ்சுபோட்டியளோ?”

மிதுனா வேகமாகத் தலையசைத்தாள். “இல்லை அங்கிள். அதுகள் இல்லாட்டி எது பிழையெண்டே எனக்குத் தெரிஞ்சிராது. அதுகளை வச்சுத்தான் மற்றதெல்லாத்தையும் திருத்தினனான்.”

அவர் மெல்லச் சிரித்தார். “அவ எப்பவும் அப்பிடித்தான் பிள்ளை. நாப்பது வருசமா என்ர பிழையெல்லாம் பிடிச்சவ, உம்மை மட்டும் விடுவாவோ?”

“கட்டுரையில நன்றி சொல்லுறம், அங்கிள். ஆனா துண்டு தந்தவையின்ர பேர் போடேலாது.”

“போடாட்டிப் பரவாயில்லை. நீர் வந்து சொன்னீரே, அதுவே எனக்குக் காணும்.”

அவள் அவருடைய கையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். இருவரும் மாடிப் பொத்தானை அழுத்த மறந்திருந்தார்கள். கதவு திறந்தபோது லிஃப்ட் கீழ்த்தளத்திலேயே நின்றது.