தாய்மாமன் மடி

ஆசாரி ஊசியைத் துடைத்து நிமிர்வதற்குள் தர்ஷிகா அப்பாவின் மடியிலிருந்து நழுவி இறங்கிவிட்டாள்.

“மாமா மடியிலதான் இருப்பேன்.”

“தாய்மாமன் இல்லாம காதுகுத்தா? நல்லாருக்குவே,” என்றார் ஆசாரி.

அப்பா லிங்கேஸ்வரன் தாய்மாமனுக்கு எங்கே போவான்? விவாகரத்துக்குப் பிறகு பிள்ளை தாய் சத்யபிரியாவிடம் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பகல் மட்டும் அவனுக்கு. அருவியில் குளிக்கவென்று அழைத்துவந்து, சத்யபிரியாவிடம் சொல்லாமல் குற்றாலம் கோயில் வாசலில் உட்காரவைத்திருந்தான். தான் வாங்கிய கம்மல்தான் பிள்ளை காதில் முதலில் ஏறவேண்டும் என்று ஆசை. அவளுக்குத் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும்.

வேறு வழியில்லாமல் சத்யபிரியாவின் தம்பி மணிகண்டபிரபுவுக்குப் போன் போட்டான். முன்பெல்லாம் அத்தான் என்று அழைத்தவன்.

“நான் வாரதுக்குள்ள ஊசி பட்டுச்சு, சும்மா விடமாட்டேம்லே.”

சாரலில் நனைந்தபடி பைக் வந்தது. பின்னால் சத்யபிரியா.

“யாரைக் கேட்டு இங்கன கூட்டிட்டு வந்தீங்க?”

“கேட்டா விட்டிருப்பியா?”

மணிகண்டபிரபு அவன் சட்டையைப் பிடிக்கப் போனான். பிள்ளை ஓடிவந்து மாமா காலைக் கட்டிக்கொண்டாள்.

“உக்காருங்க மாமா, ஆசாரி ஏசுதாரு.”

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவன் உட்கார்ந்தான். ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட்டாள். லிங்கேஸ்வரன் கை நீட்டினான். சத்யபிரியா முந்திக்கொண்டு தூக்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை சத்யபிரியா தென்காசியில் வக்கீலைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமையை ரத்து செய்யக் கேட்கும் மனுவில் கையெழுத்துப் போட்டாள். லிங்கேஸ்வரன் பாவூர்சத்திரம் சந்தையில் டெம்போவில் தக்காளி ஏற்றினான். காது வீங்கியிருந்ததால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை.