காபித்தூள் வாசனை வந்தால் இடதுபக்கம்

எங்கள் சந்து முனையிலிருந்து காய்க்கடை வரை முன்னூற்றுப் பன்னிரண்டு எட்டு. வழியில் முப்பத்தெட்டுக் கடைகள். ராமநாதபுரத்தின் இந்தக் கடைத்தெருவில் நான் எண்ணாமல் நடந்த நாளே இல்லை.

என் மனைவி எண்ணுவதில்லை. சர்க்கரை வியாதியால் அவளுக்குக் கண் மங்கி ஆறு வருடமாகிறது. வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். ஆனாலும் காலையில் பையை எடுத்துக்கொண்டு தனியாகத்தான் காய் வாங்கப் போவாள். கூட வருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

"நீங்க வந்தா கரண்டுக் கம்பத்தையெல்லாம் எண்ணிக்கிட்டு நிப்பீக. நான் வெரசா போயிட்டு வாரேன்."

எப்படித்தான் போகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். மாவு மில் சத்தம் கேட்டால் எதிர்ப்பக்கம் கடக்க வேண்டுமாம். காபித்தூள் வாசனை வந்தால் இடதுபக்கம் ஒதுங்க வேண்டும். வலப்பக்கச் சாக்கடைக்கு அங்கே மூடி இல்லை. கருவாட்டு வாடை அடித்தால் அடுத்தது காய்க்கடை.

பிறகு பைபாஸ் பக்கம் மூன்று மாடியில் மால் வந்தது. தெருவே அங்கே போயிற்று. முப்பத்தெட்டு முப்பத்தொன்றாகி, இருபத்து மூன்றாயிற்று. மூடிய கடைகளை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் குறித்துவைத்தேன். காபித்தூள் கடை மூடியதையும் குறித்தேன். அவளிடம் சொல்லவில்லை. வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். அவளும் வழக்கம்போல் போய்வந்தாள். கதவு மூடிய பிறகும் வாசனை பல நாள் அங்கேயே இருந்திருக்கிறது.

ஒருநாள் ஒன்பது மணிவரை திரும்பவில்லை. தேடிப் போனேன். சாக்கடையில் ஒரு கால், சேலை முழங்கால்வரை சேறு. பையை மட்டும் நனையாமல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"காபிக்கடை இன்னும் வரலையேங்க."

"மூடிட்டான். பத்தொன்பது நாளாச்சு."

முகத்தை என் பக்கம் திருப்பினாள். "எண்ணத் தெரியுது. சொல்லத் தெரியலையாக்கும்."

அந்த வாரமே அவளை மாலுக்குக் கூட்டிப் போனேன். குளிர்ச்சி, வழுவழுப்பான தரை, எங்கும் பள்ளமில்லை. வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வெங்காயம்கூட உறைக்குள் இருந்தது. எடுத்து முகர்ந்துவிட்டு வைத்தாள்.

"பாட்டி, தள்ளுவண்டியப் பிடிச்சுக்கங்க, அது போற பக்கம் போலாம்" என்றாள் அங்கே வேலை செய்யும் பெண்.

"அதுக்குக் கண்ணு இருக்கா, ஆத்தா?" என்றாள் இவள். அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். இவள் சிரிக்கவில்லை. "எல்லாப் பக்கமும் ஒரே வாசனை. தனியா வந்தா இங்கன எதை வச்சு நான் நடக்க?" என்று என்னைக் கேட்டாள். ஆறு கண்ணாடிக் கதவுகளை எண்ணி வைத்திருந்தேன். அதைச் சொல்லி என்ன பயன்?

வீட்டுக்கு வந்து என் கணக்கையே அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். நூற்றுநாற்பதாவது எட்டில் கடக்க வேண்டும், இருநூற்றுப் பத்தில் ஒதுங்க வேண்டும். மூன்று நாள் முயன்றாள். குறுக்கே பைக் நிற்கும், சுற்றிப் போவாள், எண்ணிக்கை போய்விடும். நானே பின்னால் நடந்து பார்த்தேன், எனக்கும் தவறியது.

அதன்பின் மில் சத்தம் கேட்கும் இடம்வரை மட்டும் போய்த் திரும்புவாள். மிச்ச தூரம் நான்.

நேற்று மில் வாசலில் 'கடை வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது. இந்த முறை உடனே வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"சரி, சொல்லிட்டீக" என்றாள். பையை நான்காக மடித்து என் கையில் கொடுத்தாள்.