டைட்டஸின் நட்சத்திரக் கொத்து

டைட்டஸ் எந்தப் பொருளைக் கையில் வாங்கினாலும் முதலில் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடிப்பார். கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, காபி டம்ளரானாலும் சரி. ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை ஒன்றில் செலக்‌ஷன் வேலை. பதப்படுத்திய தோலை மேசையில் விரித்து, சாய்த்து, கீறல் தேடித் தரம் பிரிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரனான நான் புதுச் செருப்போடு அவர் எதிரில் போவதில்லை. "நல்லாதான் இருக்குது சார். இடது கால்ல உண்ணி கடிச்ச தழும்பு ஒண்ணு இருக்கு, பாத்தீங்களா?" என்பார். அப்புறம் அந்தத் தழும்பைத் தவிர எனக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

பகலெல்லாம் கீறல் தேடிச் சிவந்த கண்ணோடுதான் வீட்டுக்கு வருவார். நாமாக இருந்தால் படுத்துவிடுவோம். அவரோ கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு பின்பக்கம் போவார். அங்கே வேப்பமரத்தடியில், மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு அவருடைய தொலைநோக்கி நிற்கும். பிளைவுட் பெட்டி, தடித்த பிளாஸ்டிக் குழாய், அடியில் ஒரு வட்டக் கண்ணாடி. தொண்ணூற்று நாலில், அறிவியல் சங்கத்தார் நடத்திய முகாமுக்கு ஞாயிறுதோறும் போய் அவரே தேய்த்துக் குழித்தெடுத்த கண்ணாடி அது.

நடுவில் சாப்பிடக் கூப்பிட்டால் வலது கண்ணை மூடிக்கொண்டு வருவார். இருட்டுக்குப் பழகிய கண்ணை டியூப் லைட் கெடுத்துவிடுமாம். ஒற்றைக் கண்ணால் குழம்பைப் பார்த்துப் பிசைவார். கரண்ட் போனால் தெருவே சலித்துக்கொள்ளும், இவர் முகம் மட்டும் மலரும்.

நிலா, சனி வளையம் எல்லாம் விருந்தாளிகளுக்கு. அவருக்கு வேண்டியது ஒன்றுதான். கோடையில் தெற்கே மங்கலாகத் தெரியும் ஒமேகா சென்டாரி. லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் உருண்டையாக நெருங்கிக் கிடக்கும் கூட்டம். 'கொத்து' என்றுதான் சொல்வார். "நேரா மொறைச்சிப் பாக்காதீங்க சார், ஓடிப்பூடும். ஓரமா பாருங்க. தானா உடையும்" என்று எனக்குச் சொல்லித்தந்தார். முதல் இரண்டு வருஷம் அது எனக்கே தனித்தனிப் புள்ளிகளாக உடைந்தது. ஆனால் பூமி சுற்றிக்கொண்டே இருப்பதால் பார்க்கும் பொருள் ஒன்றிரண்டு நிமிடத்தில் வட்டத்தைவிட்டு நழுவிவிடும். குழாயை விரலால் தள்ளித் தள்ளித் துரத்த வேண்டும். எனக்குச் சீக்கிரம் அலுத்துவிடும்.

மூன்றாவது மழைக்காலத்தில் கண்ணாடியில் பூஞ்சை படிந்தது. எங்கள் ஊரில் மெத்தென்றிருப்பது எதுவென்று கேட்டால் குழந்தைகூட ஆட்டுத்தோல் என்று சொல்லும். டைட்டஸும் தொழிற்சாலையிலிருந்து கையுறை செய்யும் தோலில் ஒரு துண்டு கொண்டுவந்து, அன்போடு துடைத்தார். தோலில் ஒட்டியிருந்த பொடி கண்ணாடியின் அலுமினியப் பூச்சை வட்டவட்டமாகக் கிழித்துவிட்டது. "ஊருக்கெல்லாம் கீறல் பாத்துச் சொல்றவரு, சொந்தக் கண்ணாடியில அவரே போட்டுக்கினாரு" என்றார் அவர் மனைவி பொன்மலர். அதற்குப் பிறகு கொத்து உடையவில்லை. வெறும் புகையாக நின்றது.

பெங்களூருக்கு எடுத்துப்போனால் புதிதாகப் பூசித் தருவார்கள். "பேஜார் சார். லீவு போடணும். போயி, தோலால தொடச்சேன்னு அவங்ககிட்ட வாயத் தொறந்து சொல்லணும். செலக்‌ஷன்காரன் சொல்ற பேச்சா அது? அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார் டைட்டஸ். அந்த அடுத்த மாதம் பன்னிரண்டு வருஷம் நீண்டது. ஓவர்டைம் ஜாஸ்தி, உடம்பில் தெம்பு கம்மி. புகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மகள் ஜெனிஃபா வேலூரில் நர்ஸ். கொத்து உடைந்த காலத்தில் எட்டு மணிக்கே தூங்கிவிடும் சிறுமி. விவரம் தெரிந்து பார்த்தபோது புகைதான் இருந்தது. "அப்பா கத வுடுவாரு சார். பஞ்சு மாதிரி ஒண்ணு இருக்கும், அவ்ளோதான்" என்று ஒருநாள் அவர் எதிரிலேயே சிரித்தாள். அவரும் சிரித்தார். அது அவருக்கு வலித்தது, எனக்குத் தெரியும்.

அவளுக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. மறுநாளே டைட்டஸ் லீவு போட்டுவிட்டுக் கண்ணாடியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். பூச்சு போட்டு அது திரும்பி வந்தபோது ஜூன் பிறந்துவிட்டது. தினம் மேகம். ஜெனிஃபா திங்கட்கிழமை விமானம் ஏற வேண்டும், சனிக்கிழமைதான் வானம் தெளிந்தது.

அன்றுதான் கடைசி டியூட்டியை முடித்துவிட்டு வந்திருந்தாள். "எங்கப்பா இருக்கு உன் கொத்து?" என்றபடி பின்பக்கம் வந்தவள், அவர் தேடி முடிப்பதற்குள் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துவிட்டாள். காலில் டியூட்டி ஷூ அப்படியே இருந்தது.

டைட்டஸ் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "உடைஞ்சிடுச்சி சார்" என்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார். கறுப்புத் தோலில் ரவையைக் கொட்டியதுபோல் இருந்தது.

"ஜெனி" என்றார்.

"அஞ்சு நிமிசம்ப்பா." கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

அடுத்த வீட்டுத் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் கொத்து மறைய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. எழுப்புங்கள் என்றேன்.

"ரெண்டு நாளா தூங்கல சார் அது."

அவள் எழுந்தால் உட்கார்ந்து பார்க்க, ஸ்டூலைத் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். அதில் உட்காரவில்லை. நின்றபடியே குனிந்து பார்த்தார், கொத்து நழுவிவிடாமல் குழாயை விரலால் மெல்லத் தள்ளினார், மகளைப் பார்த்தார். மறுபடி குனிந்து, மறுபடி தள்ளினார்.