தண்டவாளத்தின் மேல் ஒரு புள்ளி

சவுரியம்மாள் போனைக்கூட மந்திரித்துத்தான் வைத்திருந்தாள். திண்டிவனத்து மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சாமியாரிடம் நீட்ட, "தண்ணி பட்டா கெட்டுடும்மா" என்று அவர் தள்ளி நின்று தீர்த்தத்தை லேசாகத் தெளித்தார். ஒன்றல்ல, இரண்டு போன். ஒன்று அவள் கையில். மற்றது புருஷன் அந்தோணிசாமியின் காக்கிப் பைக்குள், அந்தோணியார் படத்துக்குப் பின்னால்.

ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இரண்டு வருஷமாக ஞாபகம் நழுவிக்கொண்டிருந்தது. வீடு மறந்துபோகும், பிள்ளை பேர் மறந்துபோகும். தோளில் மாட்டும் பை மட்டும் மறக்காது. அதனால் மகன் அறிவுச்செல்வன் அந்தப் பையில் போனை வைத்து, அப்பா போகுமிடமெல்லாம் அம்மாவின் போனில் புள்ளியாகத் தெரியும்படி செய்து கொடுத்தான். எழுபதை நெருங்கும் வயதில் வரைபடத்தை விரிக்கவும் சுருக்கவும் அவள் கற்றுக்கொண்டாள்.

"காணாமப் போனதைக் கண்டுபுடிச்சித் தர்றது அந்தோணியார் வேலை. அவருக்கு ஒத்தாசையா இதுவும் இருந்துட்டுப் போவட்டும்" என்பாள்.

2018 ஆவணியில் ஒரு மத்தியானம். அரிசி களைந்துவிட்டுத் திரும்பினால் நாற்காலி காலி. பையும் இல்லை. போனைத் திறந்தாள். ஊரைத் தாண்டி, மயிலம் போகும் ரயில் பாதைக்கு நேர் மேலே புள்ளி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

எதிர்வீட்டு நடராசன் ஆட்டோவை எடுத்தான்.

"இடதுபுறம் திரும்பவும்" என்றது போனிலிருந்த பெண் குரல்.

"அந்தம்மா சொல்றாங்க இல்ல, திரும்பு."

"திரும்பிக்கினுதான் இருக்கேன் பெரிம்மா."

வேர்க்கடலை விதைத்த மல்லாட்டைக் கொல்லை ஒன்றில் பாதை முடிந்துபோனது. திரும்பிப் போய் ரயில்வே கேட்டைச் சுற்றி வரச் சொன்னது போன்.

"சுத்திக்கினு ஜல்தியா போயிடலாம்."

"நீ சுத்திக்கினு வா. நான் இப்படியே போறேன்."

அவள் கொல்லைக்குள் இறங்கினாள். வாயில் அருள் நிறைந்த மரியே ஜெபம், கண் போனில். தன் புள்ளியும் அவர் புள்ளியும் நெருங்கிக்கொண்டே வந்தன. மேட்டில் கையூன்றி ஏறினாள். இன்னும் கொஞ்சம்தான். எங்கோ ரயில் கூவியது. புள்ளி அசையவில்லை.

"ஏய், லைனை வுட்டு எறங்கு!"

நிமிர்ந்தாள். பாதைக்கு வெளியே, சரிவில் பத்திரமாக நின்றிருந்தார் அந்தோணிசாமி. தண்டவாளத்தின் நடுவே நின்றது அவள்தான்.

ஜல்லியில் சறுக்கி அவர் காலடியில் வந்து விழுந்தாள். புடவையைப் பிடித்திழுப்பது போல் காற்றை அடித்துக்கொண்டு ரயில் கடந்தது. கடைசிப் பெட்டி போகும்வரை, பச்சைக்கொடி பிடித்த கை மாதிரி அவர் கை நீண்டே இருந்தது.

"லைன்ல நின்னுக்கினு போன் பார்ப்பாங்களா? அறிவு இருக்குதா உனக்கு? யாரு இட்டாந்தது?"

தன்னை அடையாளம் தெரிந்துதான் திட்டுகிறாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. மூச்சு வாங்க, போனைக் காட்டினாள். "இந்தம்மாதாங்க."

"ஓரமா இட்டாரத் தெரியல அவங்களுக்கு. என் பின்னாடி வா."

சொல்லிவிட்டு மயிலம் பக்கமாக நடக்கத் தொடங்கினார். வீடு எதிர்த்திசையில் இருந்தது. சவுரியம்மாள் எட்டிப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க. அவங்க இன்னா சொல்றாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்."